நரிக் கேமில் வந்த மகள்

கேரள எல்லையிலுள்ள பாறசாலையில், ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு லேப் இருக்கிறது. காலை ஆறரை முதல் மதியம் ஒரு மணிவரை அங்கே ஊராரின் கையைத் திருப்பி, நரம்பைத் தட்டிப் பார்த்து, ரத்தம் எடுப்பவள் ஸ்ரீகுமாரி. வயது நாற்பத்தேழு. அவள் ஊசி குத்தினது தெரியவே இல்லை என்று பெயர் வாங்கியவள். பேச்சு மட்டும் அப்படியல்ல, குத்தினால் நன்றாகவே தெரியும். அப்பேர்ப்பட்டவள் போன ஜூலையில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மொபைலில் சண்டை விளையாட்டுப் படிக்க உட்கார்ந்தாள் என்றால், லேபில் கூட வேலைபார்க்கும் விமலகுமாரிக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவளுக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் அனகா. வயது இருபத்திரண்டு, மங்களூரில் பிசியோதெரபி படிக்கிறாள், ஒரே மகள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீகுமாரி ஒரு காரியம் செய்தாள். லீவுக்கு வந்திருந்த அனகா குளிக்கப் போன நேரத்தில், சார்ஜில் கிடந்த அவளுடைய போனை எடுத்துத் திறந்து வாசித்தாள். கூடப் படிக்கிற ஒரு பையனோடு பேசிய பேச்சு இருந்தது. தலைபோகிற விஷயமில்லை, அந்த வயதுப் பிள்ளைகள் பேசுவதுதான். ஆனால் ஸ்ரீகுமாரி அதோடு விட்டாளா? போனைக் கொண்டுபோய்க் கணவன் கிருஷ்ணன்குட்டியிடம் காட்டினாள். அவர் நெய்யாற்றின்கரையில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத மனிதர். அன்றைக்குப் பேசினார். அந்தப் பையனின் வீட்டுக்கே போன் போட்டு, அவன் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார். அனகா ஈரத்தலையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. கையை நீட்டித் தன் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு மகளிடமிருந்து ஸ்ரீகுமாரிக்கு வந்ததெல்லாம் மூளியான பதில்கள்தான். தினமும் எட்டு மணிக்குப் போன் செய்வாள். சாப்பிட்டியா என்பாள், சாப்பிட்டேன் என்று வரும். மழை உண்டா என்பாள், உண்டு என்று வரும். மேலே பேச ஒன்றுமில்லாமல் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தப்பு தன்மேல் என்பது ஸ்ரீகுமாரிக்குத் தெரியாமலில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஊரெல்லாம் பேசித் தீர்க்கிற வாய், மகளிடம் மட்டும் மடங்கிப் போய்விட்டது.

அந்த ஜூலைக்கு முன்னால் வந்த விஷுவுக்கு அனகா மூன்று நாள் வந்திருந்தாள். இரண்டாம் நாள் ஸ்ரீகுமாரி துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனபோது, தண்ணீர் டாங்கின் நிழலில் அவள் காதில் ஹெட்செட்டோடு, போனைப் படுக்கவைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "பின்னில் வா, பின்னில் வா, ஞான் நோக்காம்" என்று, பின்னால் வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற பொருளில், யாரிடமோ மலையாளத்தில் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. ஸ்ரீகுமாரி பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டு நின்றாள். முகம் தெரியாத யாருக்கோ கிடைப்பது பெற்றவளுக்குக் கிடைக்கவில்லையே என்று வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன. அம்மாவைப் பார்த்ததும் அனகா குரலைத் தாழ்த்தி, போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

சரி, அவள் வெளியே வரமாட்டாள் என்றால் நாம் உள்ளே போவோம் என்று ஸ்ரீகுமாரி முடிவு செய்தாள். ஆனால் எதற்குள்ளே போவது? அது என்ன விளையாட்டு என்றே தெரியாது. கேட்பதற்கு ஒரே ஆள்தான் உண்டு, தம்பி பிபினின் மனைவி ஜிஷா.

ஜிஷாவின் வீடு இஞ்சிவிளைப் பக்கம், ஸ்ரீகுமாரியின் வீட்டிலிருந்து இறங்கினால் ஐந்து நிமிஷ நடை. ரப்பர் மரங்களுக்கு நடுவே பள்ளத்தில் உட்கார்ந்த வீடு, உள்ளே மொபைலுக்கு ரேஞ்ச் கிடையாது. வைஃபை வைத்துக்கொண்டு அவள் வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுக்கிறாள். முப்பது வயது. பாடம் எடுக்காத நேரத்தில் கேம் ஆடுவாள். அனகாவுக்கும் அவளுக்கும் நல்ல ஒட்டு.

"மைனி, இது சும்மா சுட்டுத் தள்ளுற கேம் இல்ல, கேட்டியளா" என்றாள் ஜிஷா. "அஞ்சு பேரு இங்க, அஞ்சு பேரு அங்க. நடுவுல மூணு வழி. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கோட்டை உண்டு. எதிராளிக்க கோட்டைய ஆரு முதல்ல உடைக்காவளோ அவங்க ஜெயிச்சாச்சு. இப்ப நம்ம ஊருல பிள்ளேரு ஆடுறது மூணாக்கும்."

போனில் மூன்று படங்களைக் காட்டினாள். ஒன்றில் ஆந்தை, ஒன்றில் சிங்கம், ஒன்றில் சிவப்பு நரி. ஆங்கிலப் பெயர்கள் ஸ்ரீகுமாரியின் மனதில் நிற்கவில்லை, படங்கள் நின்றன.

"ஆந்தை வலிய கேம். நூத்திச் சொச்சம் ஆளுவ, ஒருத்தருக்கு நாலு வித்தை. ஒரு ஆட்டம் தொடங்கினா நாப்பது நிமிசம். புதுசா வாறவங்கள கூட ஆடுறவங்களே கெட்ட வார்த்தை சொல்லி ஓட்டிருவினும். சிங்கம் சுமாரு. நரி சின்னது. பத்து நிமிசத்துல தீரும், முப்பது ஆளுதான் உண்டு, அடி தானாப் போய்ப் படும். தொடக்கத்துக்கு நரிதான் நல்லது."

"அப்ப நரி போதும்."

"நில்லுங்க. எளுப்பம்ணு பாத்து எடுக்கப்பிடாது மைனி. நம்ம ஆளு எதுல ஆடுதோ அதத்தான் எடுக்கணும். தனியாப் போனா ஒரு வாரத்துல மடுத்துச் சலிச்சுப் போவும். நீங்க ஆருக்காகப் போறியளோ, அவட்ட கேளுங்க."

யாருக்காகப் போகிறோம் என்று ஸ்ரீகுமாரி சொல்லியிருக்கவில்லை. ஜிஷாவுக்குத் தெரிந்திருந்தது. அன்று எட்டு மணிக்குச் சாப்பாடும் மழையும் முடிந்தபிறகு ஸ்ரீகுமாரி கேட்டாள். "மக்கா, அன்னைக்கு மாடியில இருந்து ஆடினியே, அது என்ன கேம்?"

"எதுக்கும்மா?"

"நானும் ஆடலாம்ணு."

நீயா, நீயா என்று அனகா இரண்டு தடவை கேட்டாள். பிள்ளை அசந்துபோய்விட்டாள் என்று ஸ்ரீகுமாரி நினைத்தாள்.

"நரி" என்றாள் அனகா. "சிவப்பு நரிப் படம் போட்டது. எனக்க பழைய அக்கவுண்ட் போச்சும்மா. புதுசு ஒண்ணு தொடங்குறேன். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வாறேன்."

ஸ்ரீகுமாரிக்குக் கண் நிறைந்துவிட்டது. எது எளிதோ அதுவே மகள் ஆடுவதும். இப்படி ஒரு பொருத்தம் அமையுமா? அப்போது சந்தேகப்படத் தோன்றவில்லை. தோன்றாது. கிடைக்காது என்று நினைத்தது கிடைக்கும்போது யார் அதைப் புரட்டிப் பார்க்கிறார்கள்?

முதல் இரண்டு வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. எதிரியின் காவல் கோபுரத்தடியில் போய் நின்று வெட்டுப்பட்டுச் சாவாள். சொந்தக் கோட்டையை நோக்கியே நடப்பாள். முப்பது ஆட்களில் ஆமை ஓட்டைக் கேடயமாகப் பிடித்த ஒருவனைத் தேர்ந்தெடுத்தாள். அவனுக்கு அடிக்கத் தெரியாது, மற்றவர்களுக்கு விழுகிற அடியைத் தான் வாங்கிக்கொள்வான், அதுதான் அவன் வேலை. அனகா என்ற பெயரோடு வந்தவள் வில்லுக்காரி. ஆமை முன்னால் நிற்கும், வில்லுக்காரி பின்னால் நின்று அம்பு விடுவாள். ஸ்ரீகுமாரியின் விரல்கள் நரம்பு தேடிப் பழகிய விரல்கள். ஆகஸ்டு பிறக்கும்போது அவளுடைய ஆமையைத் தாண்டி வில்லுக்காரியைத் தொடுவது யாருக்கும் லேசாக இல்லை.

ஆட்டத்துக்கு நடுவே எழுத்தில் பேசிக்கொள்ளலாம். மைக் வேண்டாம், ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் ஆள் படிக்கும் என்று அனகா முதல் நாளே எழுதிவிட்டாள். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் குடும்பத்தில் பேசுவது தமிழ், எழுதுவது மலையாள எழுத்து. எல்லாரும் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். தமிழ் எழுத்து களியக்காவிளையில் பஸ் போர்டு வாசிக்கிற அளவுக்குத்தான் வரும். ஆகவே வீட்டுத் தமிழை மலையாள எழுத்தில் தட்டுவார்கள். அதற்கு எழுத்துப்பிழை பார்க்க எந்தப் புத்தகமும் இல்லை, குடும்பத்துக்குள் பழகிப்போன ஒரே முறைதான். ஸ்ரீகுமாரி தட்டினாலும் பிபின் தட்டினாலும் அனகா தட்டினாலும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். கல்யாணமாகி வந்த ஜிஷாவும் அதைப் பிடித்துக்கொண்டு வருஷம் ஏழாகிறது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி என்றால் ஸ்ரீகுமாரி வேறொரு ஆள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாப்பிட்ட கையோடு ஓடி வந்துவிடுவாள். எட்டு மணிப் போனில் அனகா பழைய அனகாவாகத்தான் இருந்தாள். ஆனால் அதற்கும் ஒரு சமாதானம் வந்தது. 'கேம் கதைய போன்ல பேசாண்டாம் அம்மா, பிள்ளேரு கேட்டா சிரிக்கும்' என்று எழுதியிருந்தாள். பிள்ளைக்கு வாய்ப்பேச்சில்தான் கூச்சம், எழுத்தில் இல்லை என்று ஸ்ரீகுமாரி எடுத்துக்கொண்டாள். அவளும் அங்கே வேறு மாதிரிதான் இருந்தாள். சாப்பிட்டியா, தலை துவட்டினியா என்று ஒருநாளும் கேட்கவில்லை. நான் எங்க நிக்கணும் மக்கா, என்று மட்டும் கேட்பாள்.

செப்டம்பரில் ஓர் ஆட்டத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் செத்தார்கள். செத்தவர் மறுபடி எழுந்துவர இருபது நொடி ஆகும். திரை சாம்பல் நிறமாகக் கிடக்கும், செய்ய ஒன்றும் இருக்காது. அந்த இருபது நொடியில், யோசித்தால் எழுதமாட்டோம் என்று பயந்து, ஸ்ரீகுமாரி யோசிக்காமல் தட்டினாள்.

'ஒனக்க போன எடுத்து வாசிச்சது எனக்க தப்பு. அப்பாட்ட காட்டினது அதைவிட பெரிய தப்பு. ரெண்டு வருசமா சொல்ல நினைச்சேன். அம்மைய மன்னிச்சிரு.'

இருபது நொடி முடிந்தது. ஆமை எழுந்தது. வில்லுக்காரி எழுந்தும் நகரவில்லை. எதிரிகள் வந்து அவளை அடித்தார்கள், அவள் திருப்பி அடிக்கவில்லை. பிறகு எழுத்து வந்தது.

'சாரமில்ல, பரவாயில்ல அம்மா. அது எப்பளே போச்சு. நான் மறந்தாச்சு.'

ஸ்ரீகுமாரி போனை மடியில் வைத்துவிட்டு அழுதாள். ஆட்டம் தோற்றது, கூட ஆடிய மூன்று பேர் வாய்க்கு வந்தபடி திட்டி எழுதினார்கள், ஒன்றும் கண்ணில் படவில்லை. இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிப் போட்டதுபோல இருந்தது. அன்று பப்படம் பொரித்து, பாயசம் வைத்து, என்ன விசேஷம் என்று கேட்ட கிருஷ்ணன்குட்டியிடம், ஒண்ணுமில்ல, குடியுங்க என்றாள். மறுநாள் லேபில் விமலகுமாரியைப் பிடித்து நிறுத்தி, எனக்க மோளு என்னட்ட பழையபடி ஆயாச்சு என்று சொன்னாள். சொல்லும்போது வெட்கமாகக்கூட இருந்தது.

அக்டோபரில் துலாமழை வந்தது, ஐப்பசி மழையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பக்கத்துத் துலாமழைக்கு ஒரு நேரம் உண்டு. மதியத்துக்கு மேல் கிழக்கே கறுக்கும், நாலு மணிக்கு இடி இடிக்கும், இடித்ததும் கரண்ட் போகும். முதல் ஞாயிறு அப்படிப் போனபோது வைஃபை நின்றது. ஸ்ரீகுமாரி மொபைல் டேட்டாவைப் போட்டு அரை நிமிஷத்தில் ஆட்டத்துக்குள் திரும்பி வந்தாள். பார்த்தால் வில்லுக்காரி மரம்போல நின்றுகொண்டிருந்தாள். ஹாஸ்டல் வைஃபை போச்சு என்று பிறகு எழுத்து வந்தது. போகும், எங்கேதான் போகவில்லை.

இரண்டாம் ஞாயிறும் இடித்தது, கரண்ட் போனது, வில்லுக்காரி நின்றாள். தோற்று, அடுத்த ஆட்டத்தை ஸ்ரீகுமாரி டேட்டாவிலேயே தொடங்கினாள். அனகாவின் பெயர் மங்கிக் கிடந்தது. அழைப்பு அனுப்பிவிட்டுக் காத்திருந்தபோது கரண்ட் வந்தது. தலைக்கு மேலே ஃபேன் மெல்லச் சுற்றத் தொடங்கியது. இரண்டு நிமிஷம் போயிருக்கும், மோடத்தின் பச்சை விளக்கு எரிந்தது. எரிந்ததும் அனகாவின் பெயரும் பச்சையானது.

ஸ்ரீகுமாரி மோடத்தைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். பாறசாலையில் கரண்ட் வந்தால் மங்களூரில் ஏன் ஆள் வரவேண்டும்? சே, என்ன நினைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் அந்த வாரம் முழுக்க ரத்தக் குழாய்களில் பெயர் எழுதி ஒட்டும்போதெல்லாம் அதே நினைப்பு வந்து நின்றது. சாஸ்தா கோவில் முக்கில் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரில் ஐம்பது வீட்டுக்கு மேல் இல்லை. அந்த ஐம்பதில் நரிக் கேம் ஆடுகிற வீடு இரண்டுதான். ஒன்று அவளுடையது.

மூன்றாம் ஞாயிறு அவள் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் ஆட உட்கார்ந்தாள். நாலே காலுக்கு இடித்தது, கரண்ட் போனது, வில்லுக்காரி நின்றாள். ஸ்ரீகுமாரி டேட்டாவைப் போட்டாள், போனைக் கையில் பிடித்தபடியே எழுந்து வெளியே இறங்கினாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்தாள். போகும் வழியில் ஆமை எங்கோ அடிவாங்கிச் செத்தது. கடவுளே, நான் நினைக்கிறது பொய்யாக இருக்கட்டும், நான் ஒரு கேடுகெட்ட சந்தேகக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

ஜிஷா தன் வீட்டின் வெளிப்படிக்கட்டில், மேலேயிருந்து மூன்றாவது படியில், போனை வானத்தை நோக்கிப் பிடித்துக்கொண்டு ரேஞ்ச் தேடி நின்றிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். ரேஞ்ச் கிடைத்திருக்க வேண்டும், கையை இறக்கி, போனைப் படுக்கவைத்து, இரண்டு கட்டைவிரலையும் வைத்தாள்.

ஸ்ரீகுமாரியின் திரையில் வில்லுக்காரி நாலு அடி நடந்தாள்.

ஸ்ரீகுமாரி கூப்பிடவில்லை. கொய்யா மரத்தடியில் நின்றுகொண்டு தட்டினாள். 'மக்கா, எங்க நிக்க?'

படிக்கட்டில் ஜிஷா தலையைக் குனிந்து வாசித்தாள். அவள் விரல்கள் அசைவதை ஸ்ரீகுமாரி கண்ணால் பார்த்தாள். எழுத்து வந்து விழுந்தது. 'ஹாஸ்டல் வராந்தாவுல அம்மா. இங்க ரேஞ்ச் இல்ல.'

"ஜிஷா" என்றாள் ஸ்ரீகுமாரி.

திரும்பியவளின் முகத்தில் ரத்தமில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை நாளா?"

"மைனி, நீங்க முதல்ல உள்ள வாங்க."

"எத்தனை நாளாண்ணு கேட்டேன்."

"முதல்ல இருந்தே."

"அவ ஒருநாளாவது வந்து ஆடினாளா? ஒருநாள்?"

ஜிஷா இல்லை என்று தலையாட்டினாள். "அவ நரியே ஆடினது இல்ல மைனி. அவளுக்க கேம் ஆந்தையாக்கும். நீங்க கேட்டப்போ பயந்து நரிண்ணு சொல்லியாச்சு. உடனே என்னை விளிச்சு, மாமி, எனக்க பேருல நீ ஒரு அக்கவுண்ட் தொடங்குண்ணு அழுது கரைஞ்சா. ரெண்டு வாரத்துல அம்மைக்கு மடுக்கும், பிறவு விட்டிருவாண்ணு சொன்னா. உங்களுக்கு மடுக்கல்ல. நீங்க அம்புட்டுச் சந்தோசமா இருந்திய. நான் எப்படி நிறுத்துவேன்?"

ஸ்ரீகுமாரிக்கு அதெல்லாம் காதில் பாதிதான் விழுந்தது. செப்டம்பர் ஞாயிறுதான் முன்னால் வந்து நின்றது. சாம்பல் திரை, அதில் தான் தட்டியது, அதற்கு வந்த பதில். உடம்பெல்லாம் கூசியது. நடுத்தெருவில் சேலை அவிழ்ந்துபோய் நின்றதுபோல இருந்தது.

"நான் மன்னிப்பு கேட்டேனே ஜிஷா."

ஜிஷா அழுதாள்.

"அத வாசிச்சது நீ. சாரமில்லண்ணு எழுதினது நீ. எனக்க மோளுக்க வாயில இருந்து என்னை மன்னிக்க ஒனக்கு ஆரு அதிகாரம் தந்தா?"

"நான் வேற என்ன எழுதட்டும்? நீங்க அப்படிக் கேட்டு, நான் சும்மா இருந்தா உங்க நெஞ்சு பொட்டிப் போவாதா? அதுக்குப் பிறவு எனக்கு ஒரு அம்பு விட முடியல்ல மைனி. சத்தியம்."

"நான் பாயசம் வச்சேன்" என்றாள் ஸ்ரீகுமாரி. "ஒனக்கும் ஒரு தூக்குல குடுத்தனுப்பினேன். குடிச்சியா?"

குடித்திருப்பாள். குடிக்காமல் எங்கே போவாள். மகள் விரட்டினாள் என்றால் அதில் ஒரு நியாயமாவது உண்டு. இவளுக்கு என்ன குறை வைத்தோம்? பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் பத்து நாள் கூட இருந்தது யார்? படியேறிப் போய் ஜிஷாவின் கையிலிருந்த போனைப் பிடுங்கி, ஆட்டத்தை மூடி, அனகாவின் எண்ணை எடுத்து அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். அம்மா கூப்பிட்டால் ஏழெட்டு மணி அடிக்கும்.

"சொல்லு மாமி" என்றது அனகாவின் குரல். அதே குரல், மொட்டைமாடியில் கேட்ட குரல், சிரிப்பும் கும்மாளமுமாக. "அம்மைக்க கூட ஆடுற டியூட்டி இன்னைக்கு சீக்கிரம் முடிஞ்சாச்சா?"

ஸ்ரீகுமாரி கண்ணை மூடிக்கொண்டாள். "அம்மையாக்கும் பேசுறது" என்றாள்.

"அம்மாவா?" என்றாள் அனகா.

"எனக்கு எல்லாம் தெரிஞ்சாச்சு. ஒனக்கு நான் வாறது பிடிக்கல்லண்ணா, வராண்டாம்ணு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? மூணு மாசம் நான் ஆருட்ட கெஞ்சிட்டு இருந்தேன்? ரெண்டு பேரும் சேர்ந்து என்னை கோமாளி ஆக்கிட்டிய."

"ரெண்டு பேரு சேர்ந்தா எப்படி இருக்கும்ணு இப்ப தெரியுதா?" என்றாள் அனகா. குரலில் கோபமில்லை, அதுதான் இன்னும் மோசம். "நீயும் அப்பாவும் சேர்ந்துதானே அன்னைக்கு எனக்க போன வாசிச்சிய. வராண்டாம்ணு சொன்னா நீ கேப்பியா? அழுது கரைவ. அப்பாட்ட சொல்லுவ. எனக்குண்ணு இருக்கது அந்த ஒரே இடம். அங்கயும் நீ வந்தா நான் எங்க போவேன்?"

ஸ்ரீகுமாரிக்குத் திருப்பிச் சொல்ல நிறைய இருந்தது. நீ சொன்ன இடத்திலேயே நின்றேனே, ஒரு கேள்வி கேட்டேனா, ஒரு நாள் துருவினேனா என்று சொல்லலாம். ஆனால் அதையெல்லாம் அனகா பார்த்திருக்கவில்லை. பார்த்தவள் படியில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் கஷ்டப்பட்டு நல்ல அம்மாவாக இருந்தது முழுக்க அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

"செப்டம்பர்ல நான் ஒன்கிட்ட மன்னிப்பு கேட்டு எழுதினேன்" என்றாள். "ஒனக்குத் தெரியுமா?"

"என்ன மன்னிப்பு?"

ஸ்ரீகுமாரி ஜிஷாவைப் பார்த்தாள். "நான் அவட்ட சொல்லல்ல மைனி" என்றாள் ஜிஷா, நிமிராமலே.

இருபது நொடி, சாம்பல் திரை, எதுவும் இப்போது துணைக்கு இல்லை. கையில் அடுத்தவளின் போன், பக்கத்தில் அடுத்தவள். ஆனாலும் இனி ஒரு ஞாயிறு கிடைக்காது என்று ஸ்ரீகுமாரிக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தாள். "ஒனக்க போன எடுத்தது எனக்க தப்பு மக்கா. அப்பாட்ட காட்டினது பெரிய தப்பு. அந்தப் பையன் வீட்டுக்கு விளிக்க விட்டது அதைவிட. மன்னிச்சிரு."

இடி ஒன்று உருண்டு போனது. அது ஓய்ந்ததும் அனகா கேட்டாள்.

"நீ எழுதினப்போ மாமி என்ன பதில் எழுதினா?"

"சாரமில்ல, மறந்தாச்சுண்ணு எழுதினா."

"நான் மறக்கல்லம்மா" என்றாள் அனகா. "அவன் பிறவு என்னட்ட ஒரு வார்த்தை பேசல்ல. காலேஜ்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இப்பவும் ஒன்னை நினைச்சா எனக்கு அதுதான் முதல்ல வருது. என்னால சாரமில்லண்ணு சொல்ல முடியாது. நாளைக்குச் சொல்லுவேனாண்ணும் தெரியாது."

ஸ்ரீகுமாரி அடுத்த பேச்சுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. மகள் போனை வைக்கவும் இல்லை. மழை பிடித்து, படிக்கட்டு நனைந்து, ஜிஷா எழுந்து உள்ளே போன பிறகும், ஸ்ரீகுமாரி அந்தப் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அங்கேயே நின்றாள்.